12 பேர், ஒரு வேன், ஒன்பது தலங்கள்: கோலாலம்பூரிலிருந்து நவக்கிரகப் பயணம், ஒரு மதிப்பீடு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நவக்கிரக யாத்திரை விற்காத டிராவல்ஸைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பெரும்பாலானவை நாற்பது பேரைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறவை. இங்கே மதிப்பிடுவது அங்குள்ள சிறு நிறுவனம் ஒன்று நடத்தும், 12 பேருக்கு மேல் சேர்க்காத, 7 பகல் 6 இரவுப் பயணத்தை. முதல் இரவு திருச்சி, அடுத்து தஞ்சாவூர், கும்பகோணத்தில் இரண்டு, காரைக்காலில் ஒன்று, கடைசியாக மீண்டும் திருச்சி. கோயில்களை வரிசைப்படுத்திய விதம் அருமை. வழிகாட்டி சுமார். கடைகளில் வேனை நிறுத்துவது வேண்டாத வேலை.

இந்தப் பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் மதிய நேரத்தில்தான். சோழநாட்டுக் கோயில்களில் பகல் 12, 12.30 வாக்கில் நடை சாத்தினால் மறுபடி திறக்க 4 மணி ஆகும். பத்து நிமிடம் பிந்தினாலும் மூன்றரை மணி நேரம் கோபுர வாசலில் காய வேண்டியதுதான். 'ஒரே நாளில் ஒன்பது' என்று விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. செய்ய முடியாது என்றில்லை. தமிழக அரசுப் போக்குவரத்துக் கழகமே கும்பகோணத்திலிருந்து அப்படி ஒரு பேருந்து விடுகிறது. விடியற்காலை கிளம்பினால் திரும்ப இரவாகும். கால் வலிக்காதவர்களுக்கு அது போதும், செலவும் மிகக் குறைவு. எழுபது வயது அம்மாவை அதில் ஏற்றினால் ஐந்தாவது கோயிலில் வண்டியை விட்டு இறங்கமாட்டார்.

இந்த நிறுவனம் ஒன்பதையும் நான்கு நாளில் பிரித்திருக்கிறது. மூன்றாம் நாள் காலை தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும்போதே திருவையாற்றுப் பக்கம் சற்று விலகித் திங்களூர் (சந்திரன்). நான்காம் நாள் காலை திருமங்கலக்குடி, சூரியனார் கோயில், கஞ்சனூர் (சுக்கிரன்). மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். சூரியனாரைப் பார்க்கும் முன் திருமங்கலக்குடி பிராணநாதரை வணங்குவது அங்குள்ள மரபு. பல பேருந்துக் குழுக்கள் நேரம் மிச்சம் பிடிப்பதற்காக அதை விட்டுவிடுகின்றன, இங்கே விடவில்லை. மதியம் அறையில் ஓய்வு. மாலை ஆலங்குடி (குரு), திருநாகேஸ்வரம் (ராகு). ஐந்தாம் நாள் விடியலில் கிழக்கே கிளம்பி வைத்தீஸ்வரன் கோயில் (செவ்வாய்), நடை சாத்துமுன் திருவெண்காடு (புதன்). மதியத்தைப் பூம்புகார் கடற்கரையில் கழித்துவிட்டு 4 மணிக்குக் கீழப்பெரும்பள்ளம் (கேது), பிறகு தரங்கம்பாடி வழியாகக் காரைக்கால். ஆறாம் நாள் அதிகாலை திருநள்ளாறு (சனி). நீண்ட ஓட்டமும் சாப்பாடும் நடை சாத்திய நேரத்தில் விழும்படி போட்டிருக்கிறார்கள். யார் போட்டாரோ, அந்த ஊர் வெயிலில் நின்று பழகியவர்.

புறப்படும் கிழமையை நீங்கள்தான் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். திங்கள், வியாழன் என இரண்டு நாட்களில் குழுக்கள் கிளம்புகின்றன; விளம்பரத் தாளில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். திங்கட்கிழமை போனால் நான்காம் நாள் வியாழன், ஆலங்குடியில் குருவாரக் கூட்டம். ஆறாம் நாள் சனிக்கிழமை, திருநள்ளாற்றில் வரிசை கோயிலுக்கு வெளியே வளைந்து நிற்கும். அந்தந்தக் கிரகத்தின் கிழமையிலேயே கும்பிட வேண்டும் என்று நேர்ந்துகொண்டவர்களுக்கு அது பாக்கியம். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது சோதனை.

வியாழக்கிழமை குழுவில் நான்காம் நாள் ஞாயிறாக வரும். ஞாயிறு ராகுகாலம் மாலை 4.30 முதல் 6 வரை. திருநாகேஸ்வரத்தில் ராகுகாலத்தில்தான் பாலாபிஷேகம். ராகு பகவான் திருமேனியில் வழியும்போது பால் நீலமாகத் தெரிகிறது என்று பக்தர்கள் பார்க்க வருவது இதைத்தான். ஆகவே அன்று மட்டும் வரிசையை மாற்றி முதலில் திருநாகேஸ்வரம், பிறகு ஆலங்குடி என்று வைக்கச் சொல்லிக் கேளுங்கள். நடை திறக்கும் 4 மணிக்கே வாசலில் இருந்தால்தான் கிட்டே நின்று பார்க்க முடியும். வியாழன் ராகுகாலம் பகல் 1.30 முதல் 3 வரை என்பதால் திங்கட்கிழமைக் குழு மாலையில் போகும்போது அது முடிந்திருக்கும். வியாழக்கிழமைக் குழுவுக்கு நான்காம் நாள் காலை சூரியனார் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இருக்கத்தான் செய்யும். சனிக்கிழமைத் திருநள்ளாற்றின் முன்னால் அதெல்லாம் கூட்டமே இல்லை.

திருநள்ளாற்றுக்காகக் காரைக்காலில் ஓர் இரவு தங்க வைப்பதற்கே கூடுதல் காசு கொடுக்கலாம். கும்பகோணத்திலிருந்து போய்வருகிற குழுக்கள் இருட்டும் நேரத்தில் வந்து, குளத்து நீரைத் தலையில் தெளித்துக்கொண்டு ஓடுகின்றன. இங்கே காலை 5 மணிக்கெல்லாம் நளதீர்த்தத்தில் இறங்கிவிடலாம். நல்லெண்ணெய் தேய்த்து முழுகி, உலர்ந்த உடை மாற்றி, முதலில் விநாயகர், பிறகு மூலவர் தர்ப்பாரண்யேஸ்வரர், அம்பாள், அதன்பின் சனீஸ்வரர். நிதானமாகச் செய்ய இரண்டரை மணி நேரம் வேண்டும். படிகளில் எண்ணெய்ப் பசை எப்போதும் இருக்கும், வழுக்கும்; வயதானவர்கள் கையைப் பிடிக்க ஆள் இல்லாமல் இறங்கக் கூடாது. கட்டியிருந்த துணியைக் குளத்திலேயே விடுவது பழைய வழக்கம். நீர் கெடுவதுதான் மிச்சம், துணிக்கென்று வைத்திருக்கும் தொட்டியில் போடுங்கள். மாற்றுத்துணியைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு இருட்டில் தேடாமல் முந்தின இரவே தனிப்பையில் எடுத்து வையுங்கள். காரைக்கால் புதுச்சேரி ஆட்சிப்பகுதி. சில விடுதிகளில் கீழ்த்தளத்திலேயே மதுக்கூடம் இருக்கும். யாத்திரைக் குழுவுக்கு எந்த விடுதி என்று பெயர் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.

வேனைப் பற்றி. 12 பேருக்கு 12 இருக்கை டெம்போ டிராவலர் என்று எழுதியிருந்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஆளுக்கொரு பெரிய பெட்டி வைக்க அதில் இடமில்லை. நடைபாதையில் அடுக்குவார்கள், பின்வரிசைக்காரர் ஒவ்வொரு கோயிலிலும் பெட்டியைத் தாண்டித் தாண்டி இறங்க வேண்டும். இந்த நிறுவனம் 17 இருக்கை வண்டி தருகிறது, பின்வரிசை முழுக்கப் பெட்டிகளுக்கு. பெரிய பேருந்து மெயின் ரோட்டில் நின்றுவிடும் ஊர்களில் இந்த வேன் சன்னதித் தெருவரைக்கும் போகும். சிறு குழு என்பதற்குக் கொடுக்கும் பணத்தில் பாதி இதற்குத்தான் என்று வைத்துக்கொள்ளலாம். மீதிப் பாதி அர்ச்சனைக்கு: 12 பேரின் பெயர், நட்சத்திரத்தைக் குருக்கள் பொறுமையாகக் கேட்டுச் சொல்வார். நாற்பது பேர் என்றால் 'சர்வேஷாம்' (எல்லோருக்கும்) என்று ஒரே சங்கல்பத்தில் முடிந்துவிடும்.

நேரக் கணக்கில் நமக்கு ஒரு வசதி. இந்தியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால் அங்கே காலை 5 என்பது நம் உடலுக்கு 7.30. அதிகாலைப் புறப்பாடு யாருக்கும் கடினமில்லை. ஆனால் இரவு 8.30க்குச் சாப்பாடு என்றால் வயிறு 11 மணி என்கிறது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மாலை 6 மணிக்கு இட்லியோ தோசையோ கிடைக்கும்படி ஏற்பாடு கேட்க வேண்டும். கும்பகோணத்தில் அதற்குப் பஞ்சமில்லை, ஓட்டுநரிடம் சொன்னாலே போதும்.

இனி வழிகாட்டி. கோயில் முறைகள் அவருக்கு அத்துப்படி. ஒன்பதில் சூரியனார் கோயிலில்தான் கிரகமே மூலவர், மற்ற இடங்களில் சிவபெருமான் மூலவர், கிரகத்துக்குத் தனிச்சன்னதி, ஆலங்குடியில் குருவாக வழிபடுவது தட்சிணாமூர்த்தியை என்பதையெல்லாம் தெளிவாகச் சொல்கிறார். வரலாறு என்று வந்தால் தடுமாற்றம். 1010ல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் விமான நிழல் தரையில் விழாது என்ற பழைய கதையை, நிழல் விழுந்து கிடக்கும் இடத்தில் நின்றுகொண்டே சொல்கிறார்.

அதைக்கூட மன்னித்துவிடலாம். மலேசியாவிலிருந்து வந்த குழுவுக்கு அந்தக் கோயிலில் காட்ட வேண்டிய கல்வெட்டைக் காட்டாததை மன்னிக்க முடியாது. ராஜேந்திர சோழன் 1025ஐ ஒட்டிக் கப்பற்படை அனுப்பி வென்ற இடங்களின் பட்டியல் பெரிய கோயில் சுவரில் வெட்டப்பட்டிருக்கிறது. கடாரம் அதில் இருக்கிறது, நம் கெடா. பினாங்கிலிருந்து காரில் போய்க் கெடாவின் தொல்லியல் களமான பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்த்தவர்களுக்கு அதே கதையின் மறுமுனை இந்தச் சுவர். ஆறாம் நாள் கடந்துபோகும் நாகப்பட்டினத்தில், கடாரத்து அரசன் எழுப்பிய சூளாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளி இருந்தது. அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரையே கொடையாகத் தந்தான். வேனில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நாகூர் தர்காவில் மட்டும் இறங்கவிடுகிறார்கள். ஜார்ஜ்டவுன் சூலியா தெருவில் நாகூர் தர்காவைப் பார்த்து வளர்ந்த பினாங்குக்காரர்கள் அங்கே கொஞ்ச நேரம் கூடுதலாகக் கேட்கிறார்கள், நியாயம்தான்.

ராஜேந்திரனின் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் கும்பகோணத்திலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர், ஒரு மணி நேர ஓட்டம். தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம் ஆகியவற்றோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் உள்ள மூன்றாவது கோயில் அது. சண்டேசருக்குச் சிவன் தலையில் மாலை சுற்றும் அந்தச் சிற்பத்துக்காகவே போகலாம். நிரலில் அது இல்லை. மூன்றாம் நாள் பிற்பகலை என்ன செய்கிறார்கள் என்றால், திருபுவனத்தில் பட்டுக்கடை ஒன்று, சுவாமிமலையில் சிலைக்கூடம் ஒன்று. சுவாமிமலை முருகனைக் கும்பிட அறுபது படி ஏறிவிட்டு அப்படியே வார்ப்பு வேலையைப் பார்ப்பது தவறில்லை. மெழுகில் உருச்செய்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் ஊற்றும் முறையை அரை மணி நேரம் நின்று பார்க்கத்தான் வேண்டும். பட்டுக்கடையில் போகிற இரண்டு மணி நேரம்தான் உறுத்துகிறது. முன்பதிவு செய்யும்போதே எட்டுப் பேர் சேர்ந்து 'பட்டுக்கடை வேண்டாம், கங்கைகொண்ட சோழபுரம் வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தால் மாற்றித் தருகிறார்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டால் அங்கே போனபின் ஓட்டுநருக்குத் தெரியாது. சிலை வாங்கினால் கடைக்காரரிடம் ரசீதோடு, அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழுக்கும் ஏற்பாடு கேளுங்கள். பழைய சாயல் பூசிய சிலையை விமான நிலையத்தில் சுங்கத்தார் நிறுத்துவார்கள்.

வைத்தீஸ்வரன் கோயிலில் வேன் நின்றதும் நாடி ஜோதிடம் என்று ஆட்கள் சூழ்வார்கள். கட்டைவிரல் ரேகையில் தொடங்கிப் பரிகாரத்தில் முடியும், முடியும்போது தொகை வளர்ந்திருக்கும். இந்த நிறுவனத்தின் ஆள் முன்கூட்டியே எச்சரிக்கிறார், கமிஷனுக்கு அழைத்துப் போவதில்லை. இதற்கு முழு மதிப்பெண்.

அறைகள் சுத்தம், லிஃப்ட் உண்டு, வெஸ்டர்ன் டாய்லெட் எல்லா இடத்திலும். சாப்பாடு சைவம், குறை இல்லை. உண்டியலுக்கும் அர்ச்சனைத் தட்டுக்கும் பத்து, இருபது ரூபாய்த் தாள்களாகக் கட்டு ஒன்று தேவை; அங்கே எல்லோரும் போனில் ஸ்கேன் செய்துதான் காசு கொடுக்கிறார்கள், நம் மின்பணப்பை அங்கே எடுபடும் என்று நம்பிப் போக வேண்டாம். தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடைசெய்யச் சொல்லி 2022 டிசம்பரில் நீதிமன்றம் உத்தரவிட்டது. சில இடங்களில் வாசலிலேயே வாங்கி வைப்பார்கள். வேனிலேயே விட்டுப் போனால் டோக்கன் வரிசை மிச்சம். கல்தரை காலை பத்து மணிக்கே சுடும், தடித்த காலுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுமுன் ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடுங்கள்: 'போதிய ஆள் சேராவிட்டால் வேறு குழுவுடன் இணைக்கப்படும்'. அந்த வரி இருந்தால் நீங்கள் வாங்கியது சிறு குழு அல்ல, நாற்பது பேர் பேருந்தில் ஓர் இருக்கை. இந்த நிறுவனத்தின் தாளிலும் அது இருக்கிறது, சிறிய எழுத்தில். அடித்துவிட்டு, ஆள் சேராவிட்டால் முழுப்பணம் திருப்பித் தரப்படும் என்று எழுதி முத்திரை வாங்குங்கள். சுற்றுலா அமைச்சின் உரிமம் வெளிநாட்டுப் பயணங்களுக்கும் உரியதா என்று பாருங்கள். தகராறு என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டி வழக்கறிஞர் இல்லாமலே பதியலாம். அதற்கு ரசீதும் நிரலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாட்ஸ்அப் குரல்பதிவை மட்டும் நம்பாதீர்கள்.

மாதம் எது என்பது கடைசிக் கேள்வி. நம் பள்ளி விடுமுறைக்கு ஏற்றபடி ஆண்டிறுதியில்தான் அதிகக் குழுக்கள் போகின்றன. அது டெல்டாவில் வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் வந்தால் ஐந்தாம் நாள் கடலோரப் பாதை முழுவதும் கேள்விக்குறி. மே மாதம் அக்கினி நட்சத்திரம், பேசவே வேண்டாம். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போகக்கூடியவர்கள் தைப்பூசம் முடிந்து பிப்ரவரியில் கிளம்பும் வியாழக்கிழமைக் குழுவில் பெயர் கொடுக்கலாம்.