பாலக்காடு எல்லைப் பக்கம் முன்பல் பாண்டிங்: லீவில் வருகிறவர்கள் கவனத்துக்கு

கோவையில் விமானம் இறங்கி வேலந்தாவளம் வழியாகக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வருகிறவர்கள் பாலக்காட்டிலும் பல் பார்க்கலாம், பொள்ளாச்சியிலும் பார்க்கலாம். முன்பல் இடைவெளியோ உடைந்த முனையோ இருந்தால், காம்போசிட் என்னும் பல் நிறப் பசையைப் பல்லில் ஒட்டி உருக்கொடுக்கும் பாண்டிங்கில் ஒரே நாளில் சரியாகிவிடும், பெரும்பாலும் ஊசிகூட வேண்டாம். அதை நம்பிப் பலர் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் போகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள்.

ஊர் வந்ததும் முதலில் பல் கிளீனிங். ஈறில் ரத்தம் கசிந்தால் பாண்டிங் பிடிக்காது. பல்லை வெளுக்க ஆசை இருந்தால் அதையும் முன்னாடியே முடித்து இரண்டு வாரம் விடவேண்டும். பிளீச்சின் ஆக்ஸிஜன் பல்லில் மிச்சமிருந்தால் ஒட்டு பலவீனமாகும். காம்போசிட்டோ பிறகு வெளுக்கவே வெளுக்காது.

ஷேடு, அதாவது உங்கள் பல்லுக்குப் பொருந்தும் காம்போசிட் நிறம், பார்ப்பதில்தான் டாக்டரின் கை தெரியும். வாய் திறந்து பல் காய்ந்தால் இருப்பதைவிட வெள்ளையாகத் தெரியும். அதனால் உட்கார்ந்தவுடன், ஈரம் காயுமுன் பார்க்கவேண்டும். நல்ல டாக்டர் ஒட்டு மருந்து தடவாமல் துளி காம்போசிட்டைப் பல்லிலேயே வைத்து, அதை இறுகவைக்கும் லைட் அடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டிவிட்டுப் பெயர்த்து எடுப்பார். அதைச் செய்யாத இடத்தில் நீங்களே கேளுங்கள்.

பிறகு எச்சில் படாமல் பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டி, 37% பாஸ்பாரிக் ஆசிட் ஜெல்லைப் பல்லின் மேலோடான எனாமலில் 15 முதல் 30 விநாடி வைத்துக் கழுவுவார்கள். உலர்த்தியதும் அந்த இடம் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கலாக வெளுக்கவேண்டும். அதன்மேல் எச்சில் பட்டால் மறுபடி ஆசிட்தான். துடைத்துவிட்டுத் தொடர்ந்தால் சில மாதத்தில் ஓரம் பழுப்புக் கோடாகும், இல்லை மொத்தமாகக் கழன்றுவிடும். ஒட்டு மருந்தை மெல்லிசாக ஊதிப் பரப்பி லைட் அடித்து, காம்போசிட்டை 2 மில்லிமீட்டருக்கு மேல் போகாத அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சுமார் 20 விநாடி லைட். தடிமனாக வைத்தால் உள்ளே இறுகாது.

பாலிஷுக்கு அவசரம் கூடாது. சொரசொரப்பாக விட்டால் டீக்கறை ஏறும். ஈறோரம் பிதுங்கி நின்றால் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் (ஃப்ளாஸ்) கிழியும், ஈறு வீங்கும். எழுவதற்குமுன் நூல் விட்டுப் பாருங்கள். ஒரு வாரம் கழித்துக் கடி சரிபார்க்க ஒருமுறை போகவேண்டும். லீவில் அந்த நாளை ஒதுக்கி வையுங்கள்.

முதல் இரண்டு நாள் மஞ்சள் குழம்பு, கட்டன்காப்பி, சிகரெட் வேண்டாம். கரும்பு, சீடை, கொட்டைப்பாக்கு முன்பல்லால் என்றைக்குமே கடிக்காதீர்கள். தூக்கத்தில் பல் நறநறப்பவர்கள் இரவில் பல்மேல் மாட்டிக்கொள்ளும் காப்பும் (நைட் கார்டு) செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் முனை சீக்கிரம் உடையும். பில்லிலேயே காம்போசிட் பிராண்டு, ஷேடு எண் இரண்டையும் எழுதி வாங்குங்கள். சிங்கப்பூரிலோ துபாயிலோ ஓரம் உடைந்தால் அதே பொருளை வைத்து ஒட்டுப்போட அங்குள்ள டாக்டருக்கு அது வேண்டும்.