க்னூ பேக்கேமன்: பகடை தோற்கடித்ததா, நாமே தோற்றோமா?

பேக்கேமன் என்ற பகடைக்காய் ஆட்டத்தில் 7 புள்ளி மேட்ச் ஒன்றை 7-2 என்று தோற்ற அன்று, பகடைதான் காலை வாரிவிட்டது என்று உறுதியாக நம்பி, ஆட்டத்தை க்னூ பேக்கேமன் என்ற கணினி நிரலில் போட்டு அலசினேன். பகடை எனக்குக் கொஞ்சம் சாதகமாகவே விழுந்திருக்கிறது. பந்தயத்தை இரட்டிப்பாக்கும் டபுளிங் க்யூபில்தான் கோட்டை விட்டிருக்கிறேன்.

இலவச மென்பொருள் இது. அதிர்ஷ்டத்தை அளக்கும் விதத்துக்காகவே இதை எல்லோருக்கும் சொல்வேன். விழக்கூடிய 21 விதமான உருட்டல்களையும், 36 வாய்ப்புகளில் எது எத்தனை முறை வரும் என்ற கணக்கோடு ஆடிப் பார்த்துச் சராசரி எடுக்கிறது, விழுந்த எண் அதைவிட எவ்வளவு மேலே அல்லது கீழே என்பதுதான் அந்த உருட்டலின் அதிர்ஷ்டம். வெட்டுப்பட்ட உங்கள் காய் பாரில், அதாவது பலகையின் நடுப்பட்டையில் நிற்கிறது, அது நுழைய வேண்டிய 6 வீடுகளில் 5-ஐ எதிராளி அடைத்துவிட்டார், 6 விழுந்தால்தான் நுழையலாம் என்று வையுங்கள். வாய்ப்பு 36-இல் 11. விழுந்தால் பெரிய பிளஸ். விழாவிட்டால் சின்ன மைனஸ்தான், ஏனென்றால் அது எதிர்பார்த்ததே! வயிறு எரியும் அளவுக்கு அது துரதிர்ஷ்டம் இல்லை என்பது எனக்கு இதைப் பார்த்துத்தான் உறைத்தது.

பிழைக்குத் தனிக் கணக்கு. சிறந்த நகர்வுக்கும் நீங்கள் ஆடியதற்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான்.

1979-இல் மான்டே கார்லோவில் ஹான்ஸ் பெர்லினரின் பிகேஜி 9.8 நிரல், உலக சாம்பியன் லூயிஜி வில்லாவை 7-1 என்று வென்றது. பிறகு ஆட்டத்தை அலசிய பெர்லினரே, நன்றாக ஆடியது வில்லாதான், நிரலுக்குப் பகடை கைகொடுத்தது என்று ஒப்புக்கொண்டார். அன்று அவர் உட்கார்ந்து அலசியதை இன்று நம் கணினியே செய்துவிடுகிறது.

ஆனால் பிழை எண்ணை மட்டும் பார்த்து யாரையும் எடை போடாதீர்கள். சுலபமான நிலைகளே வந்த மேட்ச்சில் யாருக்கும் எண் அழகாகத்தான் வரும், எதிராளியின் வீடுகளில் பின்தங்கி நின்று ஆடும் சிக்கலான பேக் கேமில் மாட்டியவருக்கு ஏறிவிடும், அப்புறம் அந்த மாதிரி நிலைகளில் நிரலின் மதிப்பீடே கொஞ்சம் தடுமாறும். ஒரே மேட்ச்சை வைத்து முடிவு கட்டவே கூடாது. காசு கொடுத்து வாங்கும் எக்ஸ்ட்ரீம் கேமன் நிரல், பிழைகளை வைத்து ஆட்டத் தரத்தைக் காட்டும் பிஆர் எண்ணுக்கும் இதே எச்சரிக்கைதான்.

நிரல் எத்தனை நகர்வு முன்னோக்கிப் பார்க்கிறது என்பதுதான் ப்ளை; 0-ப்ளையில் அலசி நிறுத்திவிடாதீர்கள், நேரம் எடுத்தாலும் 2-ப்ளை வையுங்கள். முடிந்ததும் முதலில் க்யூப் பிழைகளைத் திறந்து பாருங்கள்.