ஆர்க்கிடெக்ட்டைத் தேர்ந்தெடுப்பது: தனி ஆளா, பெரிய நிறுவனமா, ஒப்பந்ததாரரின் ஆளா?

எங்கள் வீட்டு வேலை தொடங்கும் முன் மூன்று வழிகள் இருந்தன. வரைபடத்திலிருந்து சாவி வரை எல்லாவற்றையும் ஒப்பந்ததாரரிடமே விட்டுவிடலாம். பலர் பணிபுரியும் பெரிய வடிவமைப்பு நிறுவனத்துக்குப் போகலாம். தனியாகத் தொழில் செய்யும் ஆர்க்கிடெக்ட் ஒருவரை அமர்த்தலாம். நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். குடிபுகுந்து ஒரு வருடமாகியும் அந்த முடிவில் எனக்கு மாற்றமில்லை.

ஒப்பந்ததாரரிடம் முழுவதையும் ஒப்படைப்பதில் உள்ள வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஒரே தொகை, ஒரே பொறுப்பாளர், சீக்கிரம் வேலை தொடங்கும். ஆனால் வரைபவருக்கு அங்கே சம்பளம் கொடுப்பவர் கட்டுபவர். செலவா தரமா என்ற கேள்வி எழும்போது நம் பக்கம் நின்று பேச ஆள் இருக்காது. சிறிய, எளிமையான வீடு, அவர் கட்டிய வீடுகளையும் நேரில் பார்த்திருக்கிறீர்கள் என்றால் நான் தடுக்கமாட்டேன்.

பெரிய நிறுவனத்தின் பலம் ஒருங்கிணைப்பு. கட்டமைப்பு, மின்சாரம், குழாய் வரைபடங்கள் ஒரே கூரையின் கீழ் தயாராகின்றன. ஒருவர் வேலையை விட்டுப் போனாலும் இன்னொருவர் தொடர்வார். மருத்துவமனையோ அடுக்குமாடியோ கட்டுவதாக இருந்தால் நானும் அங்கேதான் போயிருப்பேன் என்று நினைக்கிறேன். அந்த அளவில் எனக்கு அனுபவமில்லை. எங்கள் வீட்டுக்கு அது ஒத்துவராததற்குக் காரணம் ஒன்றுதான். முதல் சந்திப்பில் அழகாகப் பேசியவரிடம், "கட்டும்போது நேரில் வந்து பார்ப்பது யார்?" என்று கேட்டேன். தெளிவான பதில் வரவில்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி அதுதான். வரைபடத்தின் அழகு, கட்டணம், பழைய வேலைகளின் புகைப்படங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான். கான்கிரீட் கொட்டிய பிறகு உள்ளே கம்பி எப்படி இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. பார்க்க வேண்டியது அதற்கு முன்புதான்.

எங்கள் முதல் மாடித் தளத்துக்குச் சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் தற்காலிகப் பலகை) அடித்து, கம்பியும் கட்டியாகிவிட்டது. மறுநாள் கான்கிரீட். அன்று மாலை வந்த ஆர்க்கிடெக்ட், குளியலறையின் கழிவுக் குழாய் இறங்க வேண்டிய இடத்தில் பீம் குறுக்கே போவதைக் கண்டுபிடித்தார். இரண்டு வரைபடங்களும் தனித்தனியே சரிதான். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால்தான் மோதல் தெரியும். கட்டமைப்புப் பொறியாளரிடம் தொலைபேசியில் பேசி, குழாயை ஒரு சாண் தள்ளி வைத்தார்கள். அன்று அது கண்ணில் படாமல் போயிருந்தால், பின்னால் யாராவது பீமையே உடைத்துக் குழாயை நுழைத்திருப்பார்கள். அதே மாலை இன்னொன்றையும் கவனித்தார். சில இடங்களில் கவர் பிளாக் (கம்பியைப் பலகையிலிருந்து சற்று உயர்த்தி வைக்கும் சிறு கட்டை) இல்லாமல் கம்பி நேராகச் சென்ட்ரிங் பலகைமேல் கிடந்தது. அப்படியே விட்டால் கம்பிக்குக் கீழே போதிய கான்கிரீட் மூடல் இருக்காது. ஈரம் ஏறித் துருப்பிடிக்கும். துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். அது வெளியே தெரியப் பல வருடங்கள் ஆகும். அதற்குள் யாரிடம் போய்க் கேட்பது?

ஆகவே, யாரை அமர்த்தினாலும் நேரில் வர வேண்டிய கட்டங்களை ஒப்பந்தத்திலேயே பெயர் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள்: அஸ்திவாரத்துக்கு அளவு குறிக்கும்போது, ஒவ்வொரு கான்கிரீட்டுக்கும் முன்பு, குழாயும் ஒயரும் பதித்துப் பூச்சுக்கு முன்பு, நீர்க்கசிவுத் தடுப்பு வேலை முடிந்து ஓடு பதிப்பதற்கு முன்பு. "தேவைப்படும்போது வருவார்" என்ற வரியை ஏற்காதீர்கள். கட்டணத்தையும் இதோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். வரைபடம் கைக்கு வந்ததும் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டால், பிறகு அவரை வரவழைக்க நம்மிடம் பிடி இருக்காது. நாங்கள் கணிசமான பங்கைக் கட்டுமானக் கட்டங்களுக்கு என்று பிரித்து வைத்தோம். கட்டுமானச் செலவில் சதவீதமாகக் கட்டணம் கேட்பதும் உண்டு. அது தவறில்லை, ஆனால் செலவு ஏற ஏறக் கட்டணமும் ஏறும் என்பதால் எங்களுக்கு நிலையான தொகையே நிம்மதியாக இருந்தது.

தனி ஆளிடம் குறை இல்லாமல் இல்லை. நடுவில் அவர் உடல்நலமின்றி இரண்டு வாரம் படுத்துவிட்டார். மேஸ்திரி கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆளின்றி வேலை நின்றது. மாற்று ஆள் யார் என்பதை முதலிலேயே பேசி வைத்திருக்க வேண்டும், நாங்கள் வைக்கவில்லை.

ஒருவரை முடிவு செய்யும் முன், அவர் வடிவமைத்த வீடுகளில் சில மழைக்காலங்களைக் கண்ட ஒன்றுக்குப் போய் வாருங்கள். வீட்டுக்காரரிடம் "பிடித்திருக்கிறதா?" என்று கேட்பதைவிட, "வேலை நடந்தபோது எத்தனை முறை வந்தார்?" என்று கேளுங்கள். நாங்கள் கேட்டபோது அந்த வீட்டு அம்மா, பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும் ஆர்க்கிடெக்ட் படமெடுத்துக் கொடுத்திருந்ததைக் காட்டினார். எங்களுக்கும் ஆர்க்கிடெக்ட் அப்படியே எடுத்துக் கொடுத்தார். போன மாதம் அலமாரி மாட்டத் துளையிடும் முன், குழாய் எங்கே ஓடுகிறது என்று அந்தப் படங்களில்தான் பார்த்துக்கொண்டோம்.