சிமுலேட்டர் போடும் மார்க்கை நம்பலாமா?

கொழும்பில் லப்பரஸ்கோபியை, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் சேர்ஜரியை, கணினித் திரையில் பழக்கும் வி.ஆர். சிமுலேட்டரை மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடும் இடம் ஒன்றுக்கு சேர்ஜரி ட்ரெய்னிங்கில் இருக்கும் ஜூனியர்கள் இப்போது நிறையப் பேர் போகிறார்கள். போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: கை பழகப் போங்கள், மார்க்குக்காகப் போகாதீர்கள்.

மெஷின் நல்ல மெஷின், அதில் குறை சொல்ல மாட்டேன். கருவியின் நுனி எவ்வளவு தூரம் போனது, எங்கே தடுமாறியது எல்லாவற்றையும் அதுவே அளந்து, பித்தப்பையை எடுத்து முடித்ததும் இடது கை போன வழியை நீலத்திலும் வலது கை போன வழியைச் சிவப்பிலும் திரையில் போட்டுக் காட்டும். புதிதாக வந்தவரின் சிவப்புக் கோடு சிக்குப்பட்ட நூல்மாதிரி இருக்கும், பழகிய கை என்றால் இரண்டு மூன்று வளைவோடு முடிந்துவிடும். தியேட்டரில் எந்த சேரும் இவ்வளவு விவரமாகச் சொல்ல மாட்டார், "கையை அலைய விடாதையும்" என்பதோடு சரி. வயிற்றுச் சுவரில் கருவி நுழையும் இடமே அச்சாகிவிடுவதால் நாம் கையை இடப்பக்கம் கொண்டுபோனால் நுனி வலப்பக்கம் போகிறதே, அந்தக் குழப்பம் தீரவும் இது நன்றாக உதவுகிறது.

வில்லங்கம் கடைசியில் வரும் அந்த நூற்றுக்கு இத்தனை என்ற எண்ணில்தான். குறைந்த தூரம், குறைந்த நேரம், குறைந்த அசைவு என்றால் கூடிய மார்க். சரி, அப்படியென்றால் இடது கையால் பித்தப்பையை ஒருதரம் பிடித்துவிட்டு அப்படியே வைத்திருங்கள், 'இடது கை சிக்கனம்' பச்சையில் வரும்! உண்மையான நோயாளியில் அந்தக் கைதான் பித்தப்பையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். அதைவிட மோசம், குழாய்களை அடைக்கும் கிளிப்பைப் போடுமுன் நின்று பார்ப்பதற்கு நடப்பது. பித்தப்பைக்குள் போவது இரண்டே இரண்டு குழாய்கள்தானா, பித்தப்பைக் குழாய்க்கும் ஈரலுக்கும் இடையிலுள்ள முக்கோணத்தில் கொழுப்பெல்லாம் விலகிவிட்டதா, பித்தப்பையின் கீழ்ப்பகுதி ஈரலிலிருந்து பிரிந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். ஈரலின் பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தக்குழாயைத் தவறி வெட்டிவிடாமல் இருக்க ஸ்ட்ராஸ்பெர்க் என்ற சேர்ஜன் 1995இல் எழுதிவைத்த விதி அது. இந்த மெஷினுக்கு அது வெறும் தாமதம், நேரத்தில் மார்க்கைக் குறைத்துவிடுகிறது. பார்க்காமல் சடசடவென்று கிளிப் அடித்த தம்பி ஒருவர் என் கண்முன்னாலேயே என்னைவிடக் கூட மார்க் வாங்கினார். பொறாமை இல்லை, பயம்தான்.

சிமுலேட்டரே வேலைக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ஜரி பழகும் 16 ரெசிடென்ட்களை இரண்டாகப் பிரித்துச் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், வி.ஆரில் பழகியவர்கள் பித்தப்பையை ஈரலிலிருந்து பிரிக்கும் வேலையை 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு இடத்தைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது. அவர்கள் பாவித்த மெஷினில் ஈரலும் இல்லை இரத்தமும் இல்லை, வெறும் உருண்டையும் வடிவங்களும்தான். ஆனால் அங்கே அனுபவசாலிகளின் கையை முதலில் அளந்து, அந்த மட்டத்தை எட்டும்வரை விடாமல் பழக்கினார்கள். இங்கே? மணித்தியாலம் முடிந்தால் எழும்ப வேண்டும், எட்ட வேண்டிய மட்டம் என்று ஒன்று கிடையாது. "இந்த 80 மார்க் பாஸ் என்பது யாருடைய கையை வைத்துப் போட்டது?" என்று பொறுப்பாளரிடம் கேட்டேன், "சிஸ்டத்திலேயே அப்படித்தான் டொக்டர் வந்தது" என்றார். இந்த எண்ணை அச்சடித்து செர்டிபிக்கேட்டும் தருகிறார்கள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்று, இந்த மெஷினில் இழுத்தால் தசை இழுபடும் உணர்வு கையில் சரியாகத் தெரிவதில்லை. அதனால் முடிச்சுப் போடப் பழகுவதற்கு அந்த மெஷினை மறந்துவிடுங்கள். எஃப்.எல்.எஸ். என்ற அமெரிக்க லப்பரஸ்கோபி அடிப்படைப் பரீட்சையின் செய்முறைப் பகுதிகூட வி.ஆர். இல்லாத வெறும் பயிற்சிப் பெட்டிக்குள்தான் நடக்கிறது, ஐந்து வேலை, நேரமும் பிழையும்தான் கணக்கு.

போவதென்றால் கிழமை நாளில் காலையில் போங்கள், சனிக்கிழமை சரியான கூட்டம். மார்க் பக்கத்தை மூடிவிட்டு அந்த நீல, சிவப்புக் கோடுகளை மட்டும் போனில் படம் எடுத்துவந்து உங்கள் சீனியர் ஒருவரிடம் காட்டுங்கள். அப்புறம், அதே அறையில் ஒரு பெட்டிப் பயிற்சிக் கருவியும் இருக்கிறது, அதற்குத் தனிக் காசு இல்லை, கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள், ஊசியும் நூலும் நாம்தான் கொண்டுபோக வேண்டும்.