மூன்று லென்ஸ் என்று விற்றார்கள், உள்ளே இரண்டுதான்: தொலைநோக்கி வாங்குவோர் கவனத்துக்கு

வானத்தைப் படமெடுக்க முதல் ரிஃப்ராக்டர் (லென்ஸ் வைத்த தொலைநோக்கி) வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். விற்றவரின் பெயரைப் போடவில்லை. பெயர் போட்டால் அந்த ஒருவரிடம் மட்டும் உஷாராக இருப்பீர்கள், இதே வேலையைச் செய்யும் இன்னொருவரிடம் மாட்டுவீர்கள்.

விளம்பரத்தில் இருந்தது: 102 மி.மீ. விட்டம், எஃப்/7, எஃப்பிஎல்-53 கண்ணாடி, ஏர்-ஸ்பேஸ்டு ட்ரிப்லெட் ஏபிஓ. அதாவது முகப்பில் மூன்று லென்ஸ்கள், நடுவில் காற்று இடைவெளி, குவிதூரம் விட்டத்தைப்போல் ஏழு மடங்கு, நிறங்களை மிகக் குறைவாகச் சிதறடிக்கும் கண்ணாடி. ஏபிஓ என்றால் என்ன என்பதைக் கீழே சொல்கிறேன். பெட்டியைத் திறந்தால் எல்லாம் பளபளவென்று இருந்தது. குழாய்மேல் கொட்டை எழுத்தில் 'ஏபிஓ'. கூடவே ஸ்ட்ரெல் (லென்ஸின் தரத்தைக் காட்டும் எண், 1 என்றால் குறையே இல்லை) 0.95 என்று போட்ட ஒரு சோதனை அறிக்கை.

நிலாவையும் வியாழனையும் கண்ணால் பார்த்தபோது குறை சொல்ல ஒன்றும் இல்லை. கேமராவை மாட்டி வேகா பக்கம் திருப்பியதும்தான் குட்டு வெளிப்பட்டது. நட்சத்திரத்தைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு பெரிய வட்டம். வேகா மட்டுமில்லை, அந்தப் படத்தில் இருந்த வெள்ளை, நீல நட்சத்திரம் ஒவ்வொன்றும் ஊதாத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றது.

இது ஏன் என்று தெரிந்தால் விற்பவர் கதை விடும்போது பிடித்துவிடலாம். ஒற்றை லென்ஸ் ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு தூரத்தில் குவிக்கும். கிரவுன், ஃப்ளின்ட் என்ற இருவகைக் கண்ணாடியைச் சேர்த்து, சிவப்பையும் நீலத்தையும் ஓரிடத்துக்குக் கொண்டுவந்தது அக்ரோமேட். 1758இல் ஜான் டாலண்ட் காப்புரிமை பெற்றது இதற்குத்தான். ஊதா அப்போதும் ஒட்டாமல் வெளியே நிற்கும். அபோக்ரோமேட், சுருக்கமாக ஏபிஓ, மூன்று நிறங்களை ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். எர்ன்ஸ்ட் அபே 19ஆம் நூற்றாண்டில் மைக்ரோஸ்கோப் லென்ஸுக்கு வகுத்த இலக்கணம் இது. இன்று கடைகளில் அந்த இலக்கணத்தை யாரும் சட்டை செய்வதில்லை. கொஞ்சம் நல்ல கண்ணாடி ஒன்றைப் போட்டாலே 'ஏபிஓ' ஸ்டிக்கர் ஏறிவிடுகிறது.

நிறச்சிதறல் குறைந்த கண்ணாடி என்பதைக் குறிக்கும் 'ஈடி' என்ற சொல்லும் இப்படித்தான். ஒரு கண்ணாடி நிறங்களை எவ்வளவு குறைவாகச் சிதறடிக்கிறது என்பதற்கு அபே எண் என்று ஒன்று உண்டு; எண் கூடினால் சிதறல் குறையும். சாதாரண பிகே7 கண்ணாடிக்கு 64. எஃப்பிஎல்-51, எஃப்கே61 எல்லாம் 81 சொச்சம். ஓஹாரா நிறுவனத்தின் எஃப்பிஎல்-53, ஹோயா நிறுவனத்தின் எஃப்சிடி100 இரண்டும் 95ஐ ஒட்டி. 81ஐயும் ஈடி என்றுதான் விற்பார்கள், 95ஐயும் ஈடி என்றுதான் விற்பார்கள்.

படத்தை விற்றவருக்கு அனுப்பினேன். முதல் பதில்: "சீயிங் சரியில்ல சார், நல்ல நைட்டா பாத்து எடுங்க." சீயிங் என்பது வளிமண்டலக் கொந்தளிப்பு; அது எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கலைக்கும். என் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்துப் பார்த்தபோது பச்சையில் நட்சத்திரங்கள் ஊசிமுனையாக இருந்தன, நீலத்தில் வீங்கிக் கிடந்தன. நீலத்துக்கு ஃபோகஸ் வைத்தால் பச்சை வீங்கியது. இது காற்றின் வேலையா?

அடுத்தது, "ஃப்ளாட்னர் போட்டா சரியாயிடும்." அதையும் அவர்களே விற்கிறார்கள், சொல்ல வேண்டியதில்லை. ஃப்ளாட்னர் படத்தின் ஓரங்களில் நீண்டுபோகும் நட்சத்திரங்களைச் சரிசெய்யத்தான். வேகா இருந்தது படத்தின் நட்டநடுவில். அதற்கும் அடுத்தது மைனஸ்-வயலட் ஃபில்டர். அது ஊதாவை வெட்டும், உண்மை. படம் முழுக்க மஞ்சள் பூத்துப்போகும். ட்ரிப்லெட் என்று காசு வாங்கியவர் ஊதாவை வெட்ட ஃபில்டர் வாங்கச் சொன்னபோதுதான் எனக்குச் சந்தேகம் வலுத்தது.

லென்ஸைக் கழற்றாமலே எண்ணிவிடலாம். இருட்டு அறையில் தொலைநோக்கியின் பின்பக்கத்தை மூடிவிட்டு, முன்பக்கமிருந்து ஒரு சின்ன டார்ச்சைக் கொஞ்சம் சாய்வாகப் பிடித்து உள்ளே பாருங்கள். காற்றைத் தொடும் ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் டார்ச்சின் பிம்பம் ஒன்றைத் திருப்பி அனுப்பும். பூச்சு இருப்பதால் சில பச்சையாக, சில ஊதாவாக, மங்கலாகத் தெரியும். டார்ச்சை அசைத்தால் சில கூடவே வரும், சில எதிர்ப்பக்கம் ஓடும். அதை வைத்து ஒன்றோடொன்று குழப்பாமல் எண்ணலாம். காற்று இடைவெளி உள்ள மூன்று லென்ஸ் என்றால் ஆறு பரப்பு, ஆறு பிம்பம். (ஒட்டியோ எண்ணெய் வைத்தோ சேர்த்த வகையில் இந்தக் கணக்கு செல்லாது.) என்னுடையதில் நான்கு. நண்பரிடம் இருந்த நிஜ ட்ரிப்லெட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், அதில் ஆறும் பளிச்சென்று வந்தன. எனக்கு வந்தது டப்லெட், அதாவது இரண்டே லென்ஸ்.

கையோடு இன்னொன்றையும் பார்த்தோம். தூரத்து விளக்கு ஒன்றுக்கு ஃபோகஸ் வைத்துவிட்டு, ஐபீஸுக்குப் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) பின்னால் கொஞ்சம் தள்ளி டார்ச்சைப் பிடித்தால் முன்பக்கம் ஒரு ஒளிவட்டம் வெளியே வரும். லென்ஸுக்கு முன்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து அதை ஸ்கேலால் அளந்தால், தொலைநோக்கி நிஜமாகப் பயன்படுத்தும் விட்டம் கிடைக்கும். 102 வர வேண்டிய இடத்தில் 92 மி.மீ.தான் வந்தது. உள்ளே இருக்கும் தடுப்பு வளையம் ஓரத்தை மறைக்கிறது. 10 மி.மீ. தானே என்று தோன்றும். ஒளி பரப்பளவைப் பொறுத்தது, ஆகவே போனது கிட்டத்தட்ட 19 சதவீதம். லென்ஸின் ஓரத்தில் இருக்கும் குறைகளை மறைக்க இப்படிச் செய்வதுண்டு.

அந்தச் சோதனை அறிக்கையை அப்புறம்தான் நிதானமாகப் படித்தேன். 532 நானோமீட்டர் பச்சை லேசரில் மட்டும் எடுத்தது. பச்சையில் நன்றாக இருக்கும் லென்ஸ் ஊதாவில் எப்படி என்று அது எதுவும் சொல்லாது. அதைவிட, தாளில் சீரியல் நம்பரே இல்லை. யாருடைய லென்ஸின் அறிக்கையோ!

விஷயத்தை எழுதி அனுப்பியதும் தொனி மாறியது. "இந்த பேட்ச்ல டிசைன் மாத்திட்டாங்க சார், பெர்ஃபார்மன்ஸ் அதேதான்." பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். திருப்பும் கெடு முடிந்துவிட்டதாம். புதுத் தொலைநோக்கி வந்தால் மேகமும் கூடவே வரும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கெடு முழுக்க மழையில் போயிருந்தது. ஆனால் மேலே சொன்ன இரண்டு டார்ச் சோதனைக்கும் வானமே தேவையில்லை. பெட்டி வந்த அன்றே செய்யுங்கள்.

ரொம்ப வற்புறுத்திய பிறகு, எங்கள் டெக்னீஷியன் பார்ப்பார், அனுப்புங்கள் என்றார்கள். கூரியர் செலவு என் தலையில். வாரக்கணக்கில் வைத்திருந்துவிட்டு, 'ஸ்பெசிஃபிகேஷனுக்குள் உள்ளது' என்ற ஒற்றை வரித் தாளோடு திரும்பி வந்தது. லென்ஸ் செல்லின் (லென்ஸ்களைப் பிடித்திருக்கும் உறை) அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூ ஒன்றைச் சுற்றிக் கறுப்புப் பெயின்ட் சுரண்டியிருந்தது. அன்றிரவு துருவ நட்சத்திரத்தைப் பார்த்தேன் (அது ஏறக்குறைய நகராது, ஃபோகஸைக் கலைத்து வளையங்களைப் பார்க்கும் ஸ்டார் டெஸ்ட்டுக்கு வசதி). அனுப்புவதற்கு முன் ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்தால் வளையங்கள் ஒரே மையத்தில் அழகாக விரியும். அதில் மட்டும் பழைய நிலைமை நன்றாகவே இருந்தது. இப்போது வளையங்கள் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றன. ஃபோகஸில் வைத்தால் நட்சத்திரத்துக்கு வால். லென்ஸைச் சாய்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

கேட்டதற்கு வந்த பதில்: "நீங்க செல்லைத் திறந்திருக்கீங்க, வாரண்ட்டி செல்லாது." அனுப்புமுன் அந்த ஸ்க்ரூக்களைப் படமெடுத்து வைத்திருந்தேன். படங்களை அனுப்பினேன். அதோடு பேச்சு நின்றது. சர்வீஸுக்கு எதை அனுப்பினாலும் செல், ஸ்க்ரூ, லென்ஸ் பரப்பு எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபோகஸ் வைக்க முன்னும் பின்னும் நகரும் பாகமான ஃபோகசரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்: கேமராவோடு உச்சியைப் பார்த்து வைத்தால் வழுக்கியது. கூட வந்த இலவசப் பையில் ஐபீஸில் திருகும் சூரிய ஃபில்டர் ஒன்று இருந்தது. உங்களுக்கும் வந்தால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். முழு லென்ஸும் சேர்த்த வெப்பம் அந்தச் சின்னக் கண்ணாடியில் விழும், சட்டென்று விரிசல் விட்டால் கண் போய்விடும். சூரியனுக்கான ஃபில்டர் குழாயின் முன்பக்கம் மாட்டுவதாக இருக்க வேண்டும்.

டப்லெட் என்றாலே மோசம் என்று சொல்ல வரவில்லை. நல்ல கண்ணாடியில் நிதானமான (பெரிய) எஃப் எண்ணோடு செய்த ஈடி டப்லெட் கண்ணால் பார்க்க அருமையாக இருக்கும், எடை குறைவு, சீக்கிரம் குளிரும். டப்லெட் என்று சொல்லி, டப்லெட் விலைக்கு விற்றிருந்தால் எனக்குச் சண்டையே இல்லை.

வாங்குமுன் இவற்றைப் போனில் கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள்: முகப்பில் எத்தனை லென்ஸ், காற்று இடைவெளியா ஒட்டியதா, ஈடி கண்ணாடியின் பெயர் என்ன, அதற்கு ஜோடியாகப் போட்ட கண்ணாடி என்ன (ஜோடி சரியில்லாவிட்டால் எஃப்பிஎல்-53ஆலும் பயனில்லை), அறிக்கையில் என் குழாயின் சீரியல் நம்பர் இருக்குமா, எந்தெந்த நிறத்தில் சோதித்தது. 'ப்ரீமியம் ஜப்பான் கிளாஸ் சார்' என்று மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

விளம்பரப் பக்கத்தையும் அன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் புகார் சொன்ன பிறகு அவர்கள் பக்கத்தில் 'ட்ரிப்லெட்' என்ற சொல் காணாமல் போய்விட்டது, 'ஏபிஓ' மட்டும் இருக்கிறது. பழைய ஸ்க்ரீன்ஷாட்டை வைத்துத்தான் பணம் செலுத்திய கார்டு நிறுவனத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். லென்ஸின் சாய்வை நண்பரோடு உட்கார்ந்து ஓரளவு சரிசெய்துவிட்டோம். இப்போதைக்கு ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஃபில்டர் போட்டு நெபுலாக்களை எடுக்கிறேன்; 656 நானோமீட்டர் என்ற ஒரே நிறம் மட்டும் உள்ளே வருவதால் ஊதாப் பிரச்சினை அங்கே இல்லை. புகாருக்குப் பதில் வந்ததும் இந்தப் பதிவிலேயே சேர்க்கிறேன்.