மேசை சுமார், சனிக்கிழமைக் கூட்டம் அருமை

கோவை ஆர்.எஸ். புரத்தில் உட்கார்ந்து வேலை செய்ய மேசை வாடகைக்கு விடும் இந்த இடத்துக்கு ஏசியையும் இணைய வேகத்தையும் நம்பிப் போனால் ஏமாற்றம்தான், மதியத்துக்கு மேல் வீடியோ கால் திக்கித் திணறும், பார்க்கிங் சுத்தமாக இல்லை. மேசைக்கு இரண்டு நட்சத்திரம். ஆனால் தனியாகத் தொழில் செய்கிறவர்கள் இங்கே கூடும் சனிக்கிழமை சாயங்காலக் கூட்டத்துக்கு ஐந்தும் கொடுப்பேன். கட்டணம் கிடையாது. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு டிசைன் போடுகிறவர், கணபதியில் பட்டறைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதும் பையன், பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி வரும் யூடியூப் எடிட்டர் என்று ஆளாளுக்குத் தங்கள் வேலையைத் திரையில் போட்டுக் காட்ட, மற்றவர்கள் தயவுதாட்சண்யம் பார்க்காமல் குறை சொல்வார்கள். "ஏனுங்க, இந்த எழுத்து போன்ல படிக்க முடியுதுங்களா?" என்று ஒருவர் கேட்டதில் என் லேஅவுட்டே மாறிப்போனது.

சரவணம்பட்டியிலும் டைடல் பார்க்கிலும் ஐடி கம்பெனிக்குப் பஞ்சமில்லை, 2010-இல் செம்மொழி மாநாட்டோடு தமிழ் இணைய மாநாடும் கோவையில்தான் நடந்தது. இருந்தும் தனியாகத் தொழில் செய்கிறவர்கள் உட்கார்ந்து பேச இப்படி ஓர் இடம் கிடைப்பது (வாட்ஸ்அப் குரூப்பெல்லாம் கணக்கில் வராது) கஷ்டம்.

அப்புறம், பெண்கள் ரொம்பக் குறைவு. ராத்திரி ஒன்பது வரை இழுத்தால் எப்படி வருவார்கள்? ஞாயிறு காலைக்கு மாற்றலாமேங்க.