கல்விமாணிப் பட்டம்: 10 வருடம் படிப்பித்த பிறகு

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு சித்தியின் மகள் கேட்டாள்: "அக்கா, கல்விமாணிக்குப் போகட்டா, கல்வியியற் கல்லூரிக்குப் போகட்டா?" முதலாவது பல்கலைக்கழகத்தில் எடுக்கும் 4 வருட ஆசிரியப் பட்டம் (B.Ed.), மற்றது ஆசிரியர்களைப் பயிற்றும் கல்லூரி. அந்தப் பட்டத்தோடு 10 வருடமாகத் திருகோணமலை மாவட்டத்தில் படிப்பிக்கிறேன். ஆனாலும் அவளுக்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை.

கோபத்தை முதலில் கொட்டிவிடுகிறேன். முதல் நியமனம் மூதூருக்கு அப்பால் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். ஒரே மண்டபம், நடுவில் ஓர் அலுமாரி. அந்தப் பக்கம் தரம் 4, இந்தப் பக்கம் தரம் 5, இரண்டுக்கும் நான்தான். தரம் 5க்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தால் தரம் 4 பிள்ளைகள் அலுமாரி ஓரத்தால் எட்டிப் பார்ப்பார்கள். 4 வருடப் படிப்பில் பிள்ளையின் சிந்தனை வளர்ச்சிக்குப் பியாஜே சொன்ன நான்கு பருவங்கள், வைகொட்ஸ்கியின் கற்றல் கோட்பாடு, 1956இல் புளூம் வகுத்த கற்றல் இலக்குகளின் படிநிலை எல்லாம் பரீட்சைக்கு எழுதினேன். இப்படி இரண்டு மூன்று தரத்தை ஒன்றாகப் படிப்பிக்கும் பல்தர வகுப்புக்குக் கிடைத்தது ஒரு பின்னேர விரிவுரையும் இரண்டு பக்க அச்சுத்தாளும்தான். கற்பித்தல் பயிற்சிக்கும் பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடத்துக்கே அனுப்பினார்கள். அதுவும் சில வாரம். மேற்பார்வைக்கு வந்தவர் பாடக்குறிப்பைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்க்கவில்லை. இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

சரி, கிடைத்ததையும் சொல்ல வேண்டும். நுண்கற்பித்தல் வகுப்பில், அதாவது சின்னப் பாடம் ஒன்றை நடத்திப் பழகும் வகுப்பில், ஒரு விரிவுரையாளர் கடைசி வாங்கில் கைக்கடிகாரத்தோடு இருந்தார். கேள்வி கேட்டபின் நான் எவ்வளவு நேரம் பொறுக்கிறேன் என்று குறித்தார். ஒரு வினாடிகூட இல்லை. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோவும் வகுப்பறைகளில் இதைத்தான் கண்டார்: ஆசிரியர்கள் பொறுப்பது ஒரு வினாடி அளவுதான். 3 வினாடி பொறுத்தால் பதில் நீளும், பேசாத பிள்ளையும் பேசும். அன்றிலிருந்து கேள்வி கேட்டதும் சுட்டுவிரலின் மூன்று ரேகைகளையும் பெருவிரலால் தொட்டு எண்ணுவேன்.

அந்த மண்டபத்தில் வாயே திறக்காத ஒரு பிள்ளை இருந்தாள். "அரை பெரிதா, கால் பெரிதா?" என்று கேட்டுவிட்டு எண்ணினேன். மூன்றாவது ரேகையில் அவள் கேட்டாள்: "ஒரே ரொட்டியோ ரீச்சர், வேற வேற ரொட்டியோ?" பின்னத்தின் அடிப்படையே அந்தக் கேள்விதான். நான் அவசரப்பட்டிருந்தால் அது வெளியே வந்திருக்காது.

இந்த ஒன்றுக்காகவே அந்த 4 வருடமும் தகும். ஆனாலும் தங்கச்சி, நீ கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பம் போடு. அங்கே 3 வருடத்தில் கடைசி வருடம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் உள்ளகப் பயிற்சி. பட்டத்தை அப்புறம் வேலை பார்த்துக்கொண்டே திறந்த பல்கலைக்கழகத்திலோ தேசிய கல்வி நிறுவகத்திலோ எடுக்கலாம். போன கிழமை எனக்கு மறுபடியும் இரண்டு தரத்தைச் சேர்த்துத் தந்திருக்கிறார்கள். அடுத்த மாதம் கேட்டிருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

என் நுண்கற்பித்தல் கொப்பி இன்னும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ.